சிரிக்க வைக்கும் மேஜிக்கல் கேர்ள் அனிமேக்கள்: எதைப் பார்த்தவர் அடுத்து எதைப் பார்க்கலாம்?

"போவெய்பு பார்த்து முடித்துவிட்டேன், அதே மாதிரி வேறு என்ன இருக்கிறது?" மேஜிக்கல் கேர்ள் வகையை, அதாவது மந்திர சக்தி கொண்ட சிறுமிகளின் கதைகளை, கேலி செய்யும் அனிமேக்களை ரசிப்பவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் சொல்வதற்கு முன், அதில் உங்களைச் சிரிக்க வைத்தது எது என்று தெரிய வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு பகடித் தொடரும் இந்த வகையின் ஒவ்வொரு விதியைப் பிடித்துக்கொள்கிறது. ஒன்று உருமாற்றக் காட்சியை வம்புக்கு இழுக்கும். இன்னொன்று நாயகியைத் தேடி வரும் பேசும் பிராணியான மாஸ்காட்டை. இன்னொன்று வில்லனின் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த வழியில்தான் கீழே உள்ள பதில்கள் போகின்றன. எந்தத் தொடரின் முடிவையும் இங்கே சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

மேஜிக்கல் கேர்ள் என்றால் என்ன? எந்த விதிகளைத்தான் எல்லோரும் கேலி செய்கிறார்கள்?

ஆரம்பம் 1966. மிட்சுதெரு யோகோயாமாவின் மாங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதையை) வைத்து தோயெய் நிறுவனம் எடுத்த "மஹோட்சுகாய் சாலி"தான் தொலைக்காட்சியில் வந்த முதல் மேஜிக்கல் கேர்ள் தொடர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் "பிவிட்ச்ட்" தொடர் ஜப்பானில் நன்றாக ஓடியது இதற்குத் தூண்டுதல். மந்திர உலகத்து இளவரசி மனிதர்களோடு வந்து வாழ்கிறாள், தன் சக்தியை மறைக்கிறாள், அவ்வளவுதான் கதை. 1969இல் வந்த "ஹிமிட்சு நோ அக்கோ-சான்" இதைத் திருப்பிப் போட்டது. அங்கே மந்திரம் பிறப்பில் வரவில்லை. சாதாரணச் சிறுமிக்கு ஒரு மாயக் கண்ணாடி கிடைக்கிறது, அதை வைத்து அவள் வேண்டியவராக மாறுகிறாள். 1992இல் "செய்லர் மூன்" வந்தபோது, ஐந்து பேர், ஐந்து நிறம், வாரம் ஓர் அரக்கன் என்ற சூப்பர் ஹீரோ அணிக் கதையும் இதோடு சேர்ந்தது. 2004இல் "ப்ரிட்டி க்யூர்" வந்தது. "டிராகன் பால் ஸீ"யை இயக்கிய டைசுகே நிஷியோதான் இதற்கும் இயக்குநர். மந்திரக்கோலை ஓரமாக வைத்துவிட்டுப் பெண் பிள்ளைகள் கையாலும் காலாலும் அடிக்க ஆரம்பித்தார்கள்.

இப்படிச் சேர்ந்து சேர்ந்து ஒரு பட்டியலே உருவாகிவிட்டது. ஒரு சாதாரணப் பெண், அவளைத் தேடி வரும் பேசும் பிராணி, ஒரு மாயப் பொருள், உருமாற்றம், பெயர் சொல்லி ஒரு முழக்கம், கடைசி அடிக்கு ஒரு நீளமான பெயர், யாருக்கும் தெரியக் கூடாத ரகசியம்.

இதில் உருமாற்றக் காட்சிக்குத்தான் கேலியில் முதல் இடம், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு முறை மெனக்கெட்டு வரைந்த காட்சியை வாரா வாரம் அப்படியே போடுவார்கள். ஸ்டூடியோக்காரர்கள் இதை "பேங்க்" என்பார்கள், சேமித்து வைத்து எடுத்துச் செலவழிப்பது என்ற பொருளில். வரைபவர்களுக்கு வேலை மிச்சம், அந்தக் கோலும் காம்பாக்ட்டும் கடையில் பொம்மையாக விற்பதற்கு விளம்பரமும் ஆகிறது. ஆனால் கதைக்குள் பார்த்தால், அரை நிமிடத்துக்கு மேல் ஒருத்தி சுழன்று கொண்டிருக்க, எதிரே அரக்கன் சும்மா நிற்கிறான். இதைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் ஒரு கட்டத்தில் கேள்வி வரத்தான் செய்யும்.

பகடியை ரசிக்க மூலத் தொடர்களை எல்லாம் பார்த்திருக்க வேண்டுமா?

எல்லாம் வேண்டாம். "செய்லர் மூன்" முதல் சில எபிசோடுகள், 2004 "ப்ரிட்டி க்யூர்" முதல் சில எபிசோடுகள், இவை போதும். இரண்டையும் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள்: அவை தமக்குள்ளேயே நிறைய சிரிக்க வைக்கின்றன. "செய்லர் மூன்" நாயகி உசாகி அழுமூஞ்சி, தூங்குமூஞ்சி, பரீட்சையில் கோட்டை விடுபவள். நல்ல பகடிகள் எல்லாம் அந்தச் சிரிப்பிலிருந்து கிளைத்தவைதான். மூலத்தை வெறுப்பவர் எடுத்த பகடி சீக்கிரம் அலுத்துவிடும்.

"போவெய்பு" எதைப் பற்றியது? ஏன் எல்லோரும் இதிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்கிறார்கள்?

முழுப் பெயர் "பினான் கோக்கோ சிக்யூ போவெய்-பு லவ்!". ஆங்கிலத்தில் "க்யூட் ஹை எர்த் டிஃபென்ஸ் கிளப் லவ்!" என்று தேடினால் கிடைக்கும். 2015 ஜனவரியில் வந்தது, 12 எபிசோடுகள். பள்ளியில் உருப்படியாக எதுவும் செய்யாத ஒரு கிளப்பில் ஐந்து பையன்கள். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த இளஞ்சிவப்பு வோம்பாட் ஒன்று இவர்களைப் பிடித்து, கையில் வளையத்தை மாட்டி, "பேட்டில் லவர்ஸ்" ஆக்கிவிடுகிறது. பூமியைக் காப்பாற்ற வேண்டுமாம், அதுவும் அன்பால். பையன்களுக்கு இதில் துளியும் விருப்பமில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது குளியல் அறைப் பேச்சு. ஐவரில் ஒருவனான யுமோட்டோவின் குடும்பம் பொதுக் குளியல் நிலையம் நடத்துகிறது. கிளப் பையன்கள் அங்கே வெந்நீரில் கிடந்தபடி வெட்டிப்பேச்சு பேசுவார்கள். முதல் எபிசோடில் எடுத்துக்கொண்ட விஷயம் சிக்குவாபு. ஓடென் என்ற குழம்பில் மீன் பண்டங்களோடு போடும் மாவுத் துண்டு அது. "இது எதற்காக இருக்கிறது?" என்று "என்" என்ற பெயருடைய பையனும் அட்சுஷியும் ஆராய்கிறார்கள். ஒருவன் நீரில் பாதி மூழ்கிக் கிடக்கிறான், மற்றவன் பொறுமையாகப் பதில் சொல்கிறான். கேமரா அசையாது, இசை இல்லை, முகத்தில் மாற்றம் இல்லை. அந்த எபிசோடில் வரும் அரக்கனும் சிக்குவாபுதான். வெட்டிப்பேச்சையே கதையின் விதையாக ஊன்றி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரியும்.

பெயர்களில் ஒரு வேலை செய்திருக்கிறார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். ஹகோனே, யுஃபுயின், கினுகாவா, நாருகோ, ஸாவோ என்ற ஐவரின் குடும்பப் பெயர்களும் ஜப்பானின் வெந்நீர் ஊற்று ஊர்கள். எதிரணியில் இருப்பது மாணவர் மன்றத்து மூவர்: குசாட்சு, அரிமா, கெரோ. ஜப்பானியர்கள் பல நூறு ஆண்டுகளாக "மூன்று புகழ்பெற்ற ஊற்றுகள்" என்று சேர்த்துச் சொல்லும் ஊர்கள் இவைதான். பள்ளியின் மேல்தட்டு, உயர்ந்த ஊற்றுகளின் பெயரோடு, தோட்டத்தில் தேநீர் குடித்துக்கொண்டு சதி செய்கிறது. சாதாரணப் பையன்கள் பொதுக் குளியலில் கிடக்கிறார்கள். ஒரு வரி விளக்கம் கூட இல்லாமல் இதை வைத்திருக்கிறார்கள்.

இயக்குநர் ஷின்ஜி தகமாட்சு "கின்தாமா" என்ற நகைச்சுவைத் தொடரின் ஆரம்ப காலத்தை இயக்கியவர். கதை அமைப்பு மிச்சிகோ யோகோத்தே. இவர் "பிரின்செஸ் டூட்டு" என்ற மிக உருக்கமான, நேர்மையான மேஜிக்கல் கேர்ள் தொடருக்கும் கதை அமைத்தவர். இந்த வகையின் உள்ளும் புறமும் தெரிந்தவர்கள் கேலி செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இது சாட்சி. உருமாற்றக் காட்சிகளை அரைகுறையாக வரையவில்லை. உண்மையான மேஜிக்கல் கேர்ள் தொடருக்குச் செய்வதுபோல் ரிப்பன், மினுமினுப்பு, நிறம் எல்லாம் முழுதாகச் செய்திருக்கிறார்கள். அந்த அக்கறைதான் சிரிப்புக்குக் காரணம்.

பார்க்க முடிவு செய்தால் மூன்று எபிசோடாவது கொடுங்கள். முதல் எபிசோடின் மந்தமான வேகம் சிலரை விரட்டிவிடுகிறது.

"போவெய்பு" பெரிதா, "மேஜிக்கல் கேர்ள் ஓரே" பெரிதா?

ஆண்கள், ஃப்ரில் வைத்த பாவாடை என்ற இரண்டை வைத்து இவற்றை ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். பார்த்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

"மேஜிக்கல் கேர்ள் ஓரே", ஜப்பானியப் பெயரில் "மஹோ ஷோஜோ ஓரே", 2018 ஏப்ரலில் வந்தது, இதுவும் 12 எபிசோடுகள். சாகி உனோ என்ற பெண், தோழி சாகுயோவோடு சேர்ந்து யாரும் கண்டுகொள்ளாத ஐடல் (இளம் மேடைப் பாடகியர்) ஜோடியாகப் பாடிக்கொண்டிருப்பவள். சாகுயோவின் அண்ணன் மோஹிரோ மீது அவளுக்குத் தீராத காதல். ஒரு நாள் வீட்டு வாசலில் யாகுசா என்ற ஜப்பானிய குற்றக் கும்பலின் ரவுடி போல ஓர் ஆள் வந்து நிற்கிறான். அவன்தான் மாஸ்காட். சாகியின் அம்மா ஒரு காலத்தில் மேஜிக்கல் கேர்ளாக இருந்தவள். இப்போது அந்த வேலை மகள் தலையில் விழுகிறது. மோஹிரோவைக் கடத்த வரும் அரக்கர்களைத் தடுக்க அவள் உருமாறினால், முறுக்கேறிய ஆணாகிவிடுகிறாள். உடை மட்டும் அதே ஃப்ரில் பாவாடை. அரக்கர்களுக்கோ அணில் முகம், பயில்வான் உடம்பு.

"போவெய்பு"வில் யாரும் எதற்கும் பதறுவதில்லை. "ஓரே"வில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் பதறுகிறார்கள். அங்கே சிரிப்பு சோம்பலிலிருந்து வருகிறது, இங்கே காதலிலிருந்து. சாகிக்கு மோஹிரோ வேண்டும், மோஹிரோவுக்கு உருமாறிய சாகியைப் பிடித்திருக்கிறது, சாகுயோவுக்கு சாகி வேண்டும். இந்த வட்டம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் "காதல்தான் சக்தி" என்ற பழைய வசனம் புது மாதிரி இடிபடும்.

என் தீர்ப்பு கேட்டால், எழுத்தில் "போவெய்பு" ஒரு படி மேல். "ஓரே" முதல் நான்கைந்து எபிசோடுகளில் கொட்டும் கற்பனை பின்பாதியில் குறைகிறது. ஆனால் முதல் எபிசோடு மட்டும் எடுத்தால் "ஓரே"வை அடிக்க ஆள் இல்லை. ஒருவரை இந்த வகைக்குள் இழுக்க வேண்டும் என்றால் அதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

பையன்களுக்கு ஃப்ரில் மாட்டிச் சிரிப்பது இழிவு இல்லையா?

நியாயமான கேள்வி. ஆண் பெண் உடை போட்டாலே சிரிக்க வேண்டும் என்ற பழைய நகைச்சுவை எனக்கும் பிடிக்காது. இந்த இரண்டு தொடர்களும் அந்த வலையில் பெரும்பாலும் விழவில்லை என்றே சொல்வேன். "போவெய்பு"வில் ஐவரின் உடையை அழகான உடையாகவே வரைந்திருக்கிறார்கள். அவர்களின் அலுப்பு, தாங்கள் சொல்ல வேண்டிய வசனத்தின் கூச்சம், இதில்தான் சிரிப்பு. "ஓரே"வில் உடம்பும் உடையும் பொருந்தாததை நிறையவே பயன்படுத்துகிறார்கள், ஆனாலும் சாகுயோவின் காதலை யாரும் கிண்டல் செய்வதில்லை. அது மற்றக் காதல்களைப் போலவே முழு மரியாதையோடு நடத்தப்படுகிறது.

நேர்மையான தொடர்களும் பின்னால் இந்தப் பாதைக்கு வந்தன. 2018இல் "ஹக்டோ! ப்ரிட்டி க்யூர்" தொடரில் ஆன்ரி என்ற பையன் ஒரு முறை க்யூராக, அதாவது அந்தத் தொடரின் மேஜிக்கல் கேர்ள் அணியினர் போல, மாறினான். 2023இல் "ஹிரோகாரு ஸ்கை! ப்ரிட்டி க்யூர்" தொடரில் க்யூர் விங் முழு நேர உறுப்பினராகவே வந்தான். அங்கே சிரிப்புக்காக எதுவும் இல்லை.

அடிதடி வேண்டாம், மனம் லேசாகிற மாதிரி ஏதாவது?

அப்படியென்றால் "மச்சிகாடோ மஸோகு", ஆங்கிலத்தில் "தி டெமன் கேர்ள் நெக்ஸ்ட் டோர்". 2019இல் முதல் சீசன், 2022இல் இரண்டாவது, இரண்டும் ஜே.சி. ஸ்டாஃப் தயாரிப்பு. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாத் தொடர்களிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் எடுப்பது இதைத்தான்.

யூகோ யோஷிதா ஒரு காலை எழுந்து பார்க்கிறாள். தலையில் கொம்பு, பின்னால் வால். கனவில் வந்த மூதாதை, "நீ இருளின் குலத்தவள், உள்ளூர் மேஜிக்கல் கேர்ளைத் தோற்கடித்து நம் குலத்தின் சாபத்தை நீக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். சாபம் என்ன தெரியுமா? குடும்பம் மாதம் 40,000 யென்னுக்குள்தான் வாழ முடியும். ஜப்பானில் ஒரு குடும்பம் மாதம் முழுக்க அந்தப் பணத்தில் ஓட்டுவது பெரும்பாடு. உலகை அழிக்கும் சாபம், ரத்தச் சாபம் என்றெல்லாம் கதைகளில் பார்த்த நமக்கு, மாத பட்ஜெட் சாபம் புதிது. வறுமையை இது மலிவான சிரிப்பாக்குவதும் இல்லை. வீட்டில் ஒரு நல்ல சாப்பாடு கிடைத்தால் அந்தக் குடும்பம் எப்படிப் பூரிக்கிறது என்பதைத் தொடர் அன்போடு பார்க்கிறது.

யூகோவுக்கு உடம்பில் வலு கிடையாது. எதிரியைத் தேடிப் போன முதல் நாளே லாரியில் அடிபடப் போகிறாள். ஒரு கையால் லாரியை நிறுத்தி அவளைக் காப்பாற்றுவது யார் என்றால், அவள் வீழ்த்த வேண்டிய அதே மேஜிக்கல் கேர்ள், மோமோ சியோதா. மோமோ உலகைக் காப்பாற்றி முடித்து ஓய்ந்து போனவள், முகத்தில் சிரிப்பே வராது. "இவ்வளவு பலவீனமாக இருந்தால் எப்படி என்னோடு சண்டை போடுவாய்?" என்று எதிரிக்கு அவளே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறாள். அப்புறம் ஓட்டம், எடை தூக்கல், டயர் இழுத்தல்.

மோமோ தன் தாக்குதலைச் செய்து காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. "ஃப்ரெஷ் பீச் ஹார்ட் ஷவர்" என்று அதற்குப் பெயர். வேறு எந்தத் தொடரிலும் கண் மின்ன, குரல் உயர, இசை முழங்கச் சொல்லப்படும் பெயர். மோமோ அதை ரேஷன் கடையில் எண் கூப்பிடுவது போல ஏற்ற இறக்கமே இல்லாமல் சொல்கிறாள். தாக்குதல் என்னவோ பிரமாதமாகத்தான் போகிறது. அந்த ஒரு வசனத்தில் அவள் கடந்து வந்த வருடங்கள் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் யூகோ "இதோடு ஜெயித்துவிட்டதாக நினைக்காதே!" என்று கத்திவிட்டு ஓடுவாள். சொல்லும் வார்த்தை அதேதான். ஆனால் தொடர் போகப் போக அதன் அர்த்தம் மாறிக்கொண்டே வரும்: கோபமாகத் தொடங்கியது, வெட்கமாகி, ஒரு கட்டத்தில் கிட்டத்தட்ட நன்றியாகிவிடும். பின்னால் மிகான் என்ற இன்னொரு மேஜிக்கல் கேர்ள் வருகிறாள். அவள் மனம் கலங்கினால் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சின்னச் சின்ன இடைஞ்சல் நடக்கும். அவளும் யூகோ வசிக்கும் பழைய குடியிருப்புக்கே குடிவந்துவிடுகிறாள்.

கதையில் ஆழமான ரகசியங்களும் உண்டு. நகைச்சுவைக்காக மட்டும் வைத்ததாக நினைத்த ஒரு பொருள், முதல் சீசன் முடியும் நேரத்தில் வேறு முகம் காட்டும். எது என்று சொல்ல மாட்டேன்.

வன்முறையும் கூத்தும் கலந்து வேண்டும் என்றால்?

"கோரே வா ஸோம்பி தேசு கா?", அதாவது "இஸ் திஸ் எ ஸோம்பி?". 2011 ஜனவரி, ஸ்டூடியோ டீன். கொலை செய்யப்பட்டு, ஒரு மந்திரக்காரியால் ஸோம்பியாக எழுப்பப்பட்ட அயுமு என்ற பள்ளி மாணவன், ஹருனா என்ற மேஜிக்கல் கேர்ளைச் சந்திக்கிறான். எப்படியோ அவள் சக்தி இவனுக்கு மாறிவிடுகிறது. இனி அரக்கன் வந்தால் பாவாடை கட்டிக்கொண்டு, சங்கிலி ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு இவன்தான் போக வேண்டும். அரக்கர்கள் பள்ளிச் சீருடை போட்ட மிருகங்கள். செத்த உடம்பு என்பதால் மனித வரம்பைத் தாண்டி இருநூறு, முந்நூறு சதவீதம் பலத்தைப் பயன்படுத்தலாம், எலும்பு நொறுங்கினாலும் கவலையில்லை.

யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு இதில் சோகம் இருக்கிறது. அவனை எழுப்பிய யூ, பேசவே மாட்டாள், நோட்டில் எழுதித்தான் காட்டுவாள். ஏன் பேசுவதில்லை என்பது தெரியும்போது தொடரின் நிறமே மாறும். ஆனால் பெண் பாத்திரங்களைக் காட்டும் விதத்தில் பல இடங்களில் கண்ணியம் இல்லை. அதைச் சகித்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கு மட்டும் இது.

அதே 2011 ஜனவரியில்தானே "மடோகா மாஜிகா"வும் வந்தது? அதுவும் பகடிதானா?

இல்லை. "மடோகா" இந்த வகையின் விதிகளைத் துருவிக் கேள்வி கேட்கிறது, சிரிப்பதற்காக அல்ல. "பேசும் பிராணி ஒன்று ஒரு சிறுமியிடம் ஒப்பந்தம் போடச் சொன்னால், அதில் அதற்கு என்ன லாபம்?" என்பது அதன் கேள்வி. அதே கேள்வியைப் பகடியும் கேட்கும், வேறு பதில் சொல்லும். "போவெய்பு" வோம்பாட், இறந்துபோனதாகத் தோன்றும் ஓர் ஆசிரியரின் உடலை ஆட்டி நடக்க வைக்கிறது. பையன்கள் அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். அதையே "மடோகா" பாணியில் எடுத்தால் தூக்கம் வராது.

வில்லன் பக்கம் நின்று சொல்லும் கதைகள் உண்டா?

இரண்டு இருக்கின்றன, இரண்டும் 2024.

முதலாவது "கட்சுதே மஹோ ஷோஜோ டோ அகு வா தெகிதாய் ஷிதெய்தா". ஆங்கிலத்தில் "தி மேஜிக்கல் கேர்ள் அண்ட் தி ஈவில் லெஃப்டினன்ட் யூஸ்ட் டு பி ஆர்ச்எனிமீஸ்". போன்ஸ் ஸ்டூடியோவின் தயாரிப்பு, எபிசோடுகள் குட்டியானவை. உலகத்தை விழுங்க வந்த தீயப் படையின் தளபதி மீரா, எதிரியான மேஜிக்கல் கேர்ள் ப்யாகுயாவைப் பார்த்த நொடியே மனதைப் பறிகொடுக்கிறான். அவளோ பரம ஏழை, பகுதி நேர வேலை பார்த்துச் சாப்பிடுபவள். மீரா போர்க்களத்துக்கு ஆயுதத்துக்குப் பதில் இனிப்புகளைத் தூக்கிக்கொண்டு போகிறான். வரைகலை கண்ணைப் பறிக்கும், சிரிப்பு மென்மையானது. மூல மாங்காவை வரைந்த கொக்கோவா ஃபுஜிவாரா 2015இல் 31 வயதில் காலமாகிவிட்டார், மாங்கா பாதியில் நின்றுபோனது. கதை எங்கும் போய் முடியவில்லையே என்று குறைப்படுபவர்கள் இதை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்பது ஆண்டுகள் கழித்து இவ்வளவு கவனமாக அதை அனிமேயாக்கியதே அந்தக் கலைஞருக்குச் செய்த மரியாதை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது "அக்ரோ டிரிப்". சிஸுகோ என்ற சிறுமி, தன் ஊரின் மேஜிக்கல் கேர்ள் பெர்ரி ப்ளாசமின் தீவிர ரசிகை. ஆனால் அந்த ஊர் வில்லன் க்ரோம் ஒன்றுக்கும் உதவாதவன். வில்லன் சரியாக இல்லாவிட்டால் நாயகி ஜொலிக்க முடியாதே! அதனால் நாயகியின் பெருமைக்காகவே சிஸுகோ வில்லன் அணியில் சேருகிறாள். ரசிகர் என்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க வைக்கிற கரு. இதன் மாங்கா "ரிபொன்" என்ற சிறுமியர் இதழில் வந்தது என்பதால், மேஜிக்கல் கேர்ள் கதைகளின் சொந்த வீட்டிலேயே பிறந்த பகடி என்று சொல்லலாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி?

"மாஜிலூமியர்", 2024 அக்டோபர். இதில் மேஜிக்கல் கேர்ள் என்பது ஒரு தொழில், அதற்கு நிறுவனங்கள் இருக்கின்றன, அரக்கர்கள் புயல் வெள்ளம் போல ஒரு பேரிடர். வேலை தேடி அலைந்து நேர்காணல் நேர்காணலாகத் தோற்கும் கனா என்ற பெண், ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் சேர்கிறாள். மந்திரத்தை எழுதுவது மென்பொருள் எழுதுவது போல ஒரு பொறியாளரின் வேலை. நிறுவனத் தலைவர் மேஜிக்கல் கேர்ள் உடையில்தான் அலுவலகம் வருவார். முழுப் பகடி என்று சொல்ல முடியாது, பாதி அலுவலக நாடகம். முதல் வேலையில் நுழைந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகப் பிடிக்கும்.

பழைய தொடர்களில் எவை தேடிப் பார்க்கத் தக்கவை?

"ப்ரிட்டி சாமி". 1992இல் தொடங்கிய "டென்சி முயோ!"வில் வரும் சிறுமி சசாமியைத் தனியாக எடுத்து, 1995இல் ஓவிஏவாகவும் (நேராக வீடியோவில் வெளியிடும் படைப்பாகவும்) அடுத்த ஆண்டு தொலைக்காட்சித் தொடராகவும் செய்தார்கள். "செய்லர் மூன்" ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே வந்தது. எதிரியாக வரும் பிக்ஸி மீஸா யார் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியும், சசாமிக்குத் தெரியாது. அவளுடைய உயிர்த்தோழியே அவள். இந்த ஒன்றை வைத்தே தொலைக்காட்சித் தொடரின் 26 எபிசோடுகளையும் நகர்த்தியிருக்கிறார்கள், கடைசியில் கண் கலங்கவும் வைக்கிறார்கள்.

"நர்ஸ் விட்ச் கொமுகி-சான்", 2002, தட்சுனோகோ. இது "தி சோல்டேக்கர்" என்ற இருண்ட தொடரிலிருந்து பிறந்தது. அந்த மூலத் தொடரை இயக்கிய அகியுகி ஷின்போதான் பத்து ஆண்டு கழித்து "மடோகா"வை இயக்கினார். கொமுகி நிறைய அகிஹபாரா (டோக்கியோவில் அனிமே ரசிகர்கள் கூடும் கடைவீதி) நகைச்சுவை, அந்தக் காலத்து ரசிகர் கூட்டத்தின் உள்குத்துகள் கொண்டது. இன்று பார்க்கும்போது பாதி புரியாது.

"டாய் மஹோ டோகே", 2006. மாங்கா ஹிதேகி ஓவாதா, இயக்கம் ட்சுதோமு மிசுஷிமா. புனியே என்ற மந்திர நாட்டு இளவரசி பயிற்சிக்காக ஜப்பானிய பள்ளிக்கு வருகிறாள். தேன் சொட்டும் குரல், பூப் போன்ற முகம். மந்திரத்தால் தீராத பிரச்சினையை எலும்பு முறிக்கும் மல்யுத்தப் பிடிகளால் தீர்ப்பாள், மந்திரத்தால் தீரும் பிரச்சினையையும் அப்படியே தீர்ப்பாள். அவள் சொல்லும் மந்திரச் சொல் "லிரிகல் டோகரேவ், கில் தெம் ஆல்". டோகரேவ் ஒரு துப்பாக்கியின் பெயர். அவளுடைய மாஸ்காட் அவளைக் கொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிராணி. கொஞ்சம்தான் எடுத்தார்கள், அந்த அளவே சரி. நீண்டிருந்தால் அலுத்திருக்கும்.

குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

பெயரிலும் படத்திலும் எல்லாம் குழந்தைத் தொடர் போலவே தெரியும் என்பதால் இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். "மச்சிகாடோ மஸோகு" பெரிய பிள்ளைகளோடு பார்க்கலாம், ஓரிரு இடங்களில் உடையைப் பற்றிய கேலி வரும். "அக்ரோ டிரிப்" தாராளமாகப் பார்க்கலாம். "போவெய்பு" பதின்ம வயதினருக்குச் சரி. "ஸோம்பி"யும் "டாய் மஹோ டோகே"வும் குழந்தைகளுக்கு வேண்டாம். "பேன்டி அண்ட் ஸ்டாக்கிங்" என்ற இன்னொரு தொடர் முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கானது, அதுவும் கொச்சை நகைச்சுவையைத் தாங்குகிறவர்களுக்கு. அமெரிக்க கார்ட்டூன் பாணியில் போகும் அந்தத் தொடர், உருமாற்றக் காட்சி வரும்போது மட்டும் முழு அனிமே பாணிக்கு மாறும்.

2001இல் வந்த "புனி புனி போயெமி"யை அதன் இயக்குநர் ஷினிச்சி வதனபேயின் ரசிகர்கள் பரிந்துரைப்பார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறுமிகளைப் பாலியல் கேலிக்கு உள்ளாக்கும் காட்சிகளுக்காக நியூசிலாந்தில் தடை செய்யப்பட்ட படைப்பு அது. இந்த வகையில் சமீபத்தில் வந்த சில தொடர்களும் அதே வேலையைச் செய்கின்றன. சிறுமிகளுக்காகப் பிறந்த ஒரு கதை வடிவத்தை எடுத்துக்கொண்டு அவர்களையே அப்படிக் காட்டுவதை என்னால் நகைச்சுவை என்று ஏற்க முடியவில்லை.

"கின்தாமா" பிடிக்கும். இதில் எது ஒத்துப்போகும்?

"போவெய்பு"தான், இயக்குநரும் ஒருவரே. அது பிடித்துவிட்டால் தகமாட்சு 2012இல் இயக்கிய "டான்ஷி கோகோசெய் நோ நிச்சிஜோ"வையும் பாருங்கள். அதில் மந்திரம் எதுவும் இல்லை, பள்ளிப் பையன்களின் வெட்டிப்பேச்சு மட்டும்தான். குளியல் அறைக் காட்சிகளின் வேர் எங்கே என்று தெரியும்.

"போவெய்பு"வின் அடுத்த சீசன்களும் பார்க்க வேண்டுமா?

இரண்டாவது சீசன் "லவ்! லவ்!" 2016இல் வந்தது. ஸ்டூடியோ மாறினாலும் ஐவரும் அவர்களேதான், எதிரிகளாக பெப்பு என்ற ஊற்று ஊரின் பெயர் கொண்ட இரட்டையர். முதல் சீசன் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும். 2018இல் வந்த "ஹேப்பி கிஸ்!" புதுப் பையன்கள், புதுப் பள்ளி. பழைய ஐவரோடு ஒட்டிக்கொண்டவர்களுக்கு ஒட்டாமல் போகலாம், புதிதாக வருபவர்கள் நேராக அதிலிருந்தே தொடங்கலாம். பத்தாம் ஆண்டையொட்டி 2025இல் பழைய ஐவரை வைத்து ஒரு திரைப்படமும் வெளியானது. அதை முதல் இரண்டு சீசன்களுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பிங்கில் பார்ப்பதா, சப்டைட்டிலோடு பார்ப்பதா?

சப்டைட்டில். இந்தத் தொடர்களில் பாதிச் சிரிப்பு குரலில் இருக்கிறது. மோமோவின் தட்டையான குரல், புனியேவின் தேன் குரல், "போவெய்பு"வில் கோபமே வராத "என்" என்ற பையனின் சோம்பல் குரல், இவற்றை ஜப்பானியத்திலேயே கேட்க வேண்டும். "போவெய்பு"வில் உணவு, ஊர்ப் பெயர் என்று நிறைய வந்து போகும். புரியாததை உடனே நிறுத்தித் தேடாமல் எபிசோடு முடிந்தபின் தேடிப் பாருங்கள். நடுவில் நிறுத்தினால் அந்த மந்தமான தாளம் உடைந்துவிடும்.